வெட்சூட்டுக்கு இஸ்திரி போட்ட அக்கா எழுதுவது

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் சலவைக் கடையும் நலம். அங்கே நீ, உன் வீட்டுக்காரி, பிள்ளைகள் எல்லோரும் அதே மாதிரி நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, சின்னவன் சளி விட்டதா, இதையெல்லாம் போனிலேயே கேட்கலாமே, அக்காவுக்கு என்ன கடிதம் எழுதுகிற வயசு வந்துவிட்டதா என்று நீ நினைப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ "அக்கா, அழாதக்கா" என்கிறாய். சும்மா இருந்தவளுக்கும் அதைக் கேட்டதும் அழுகை வந்துவிடுகிறது. பிறகு நீ அழுகிறாய். உன் வீட்டுக்காரி போனை வாங்கி, "வேளா வேளைக்குச் சாப்பிடுங்க அண்ணி" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நிற்கிறது. காகிதத்துக்குக் குறுக்கே பேசத் தெரியாது என்பதால் காகிதத்திடம் சொல்கிறேன்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை நீ வண்டி பிடித்துக்கொண்டு வந்து உன் அத்தானின் கயாக் படகை எடுத்துப் போவதாகப் பேச்சு. நான்தான் சரி என்று சொன்னேன், இப்போதும் சரிதான். படகு கடைக்குப் பின்னால் கவிழ்ந்து கிடக்கிறது, துவைக்கக் கொடுத்துவிட்டு வாங்க வராமலே போன யாரோ ஒருத்தருடைய படுக்கை விரிப்பைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். துடுப்பு இருக்கிறது, தூண்டில்கள் இருக்கின்றன. உன் அத்தான் தண்ணீரில் போட்டுக்கொள்ளும் அந்தக் கறுப்பு உடுப்பு, அந்த வெட்சூட், அது மட்டும் இல்லை. அது ஏன் இல்லை என்று சொல்லத்தான் இவ்வளவு முன்னுரை.

அந்த உடுப்பு அறைக்கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மற்ற சட்டை மாதிரி அது தளர்ந்து தொங்காது. முழங்கை மடங்கினது மடங்கினபடி, தோள் விரிந்தது விரிந்தபடி நிற்கும். காலையில் கண் விழித்தால் உன் அத்தான் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற மாதிரியே இருக்கும். ஏதோ கோபம் போல என்று ஒரு கணம் நினைப்பேன், பிறகு ஞாபகம் வரும். தினமும் காலையில் இப்படி ஒரு தடவை அவர் செத்துப்போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை தம்பி. மடித்து வைக்கலாம் என்று பார்த்தேன், மடியவில்லை. எப்படியும் உனக்குக் கொடுக்கப் போகிற உடுப்பு, துவைத்துச் சுத்தமாகக் கொடுப்போம் என்று துவைத்தேன். துவைத்தும் அந்த முழங்கை நிமிரவில்லை. கடை மேசையில் போட்டேன். எத்தனை வருஷமாக இதே வேலை, கை தானாக இஸ்திரிப் பெட்டியை எடுத்துவிட்டது. ஒரே ஒரு அழுத்து. பெட்டி அங்கேயே ஒட்டிக்கொண்டது.

அது ரப்பர் என்று எனக்குத் தெரியாதா, தெரியும். உன் அத்தான் அதை நிழலில்தான் காயவைப்பார், வெயிலையே காட்டமாட்டார். தெரிந்தவள்தான் செய்தேன். பெட்டியைப் பிய்த்து எடுத்தபோது மார்புப் பக்கம் முழுக்க அதனோடு வந்துவிட்டது. கடை பூராவும் கருகின நாற்றம். துணி எரிக்கிற கடை என்று பெயர் வந்துவிடப் போகிறதே என்று எல்லாக் கதவையும் திறந்து வைத்துவிட்டு, அந்த உடுப்பை மடியில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். வாடிக்கைக்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், அப்புறம் வருகிறோம் என்று போய்விட்டார்கள்.

உனக்குக் கொடுக்கிறேன் என்று சொன்ன பொருளை நான் கெடுத்துவிட்டேன், அதனால் புதிதாக ஒன்று வாங்கித் தந்துவிடுவது என்று முடிவு செய்தேன். துணி டெலிவரி வண்டியை எடுத்துக்கொண்டு, தண்ணீர் விளையாட்டுச் சாமான்கள் விற்கிற கடைக்குப் போனேன். உள்ளே நீள நெடுக வெட்சூட்கள் தலையில்லாமல் வரிசையாகத் தொங்குகின்றன. ஒன்றை விட்டு ஓடிவந்தவளுக்கு ஒரு கூட்டமே முதுகைக் காட்டி நின்றால் எப்படி இருக்கும். திரும்பிப் போய்விடலாம் என்று நினைப்பதற்குள் விற்கிற பெண் வந்துவிட்டாள். உன் பெரியவள் வயசுதான் இருக்கும், பொறுமைசாலி.

"யாருக்கும்மா பாக்கறீங்க?"

"என் தம்பிக்கு. கயாக்ல போய் மீன் பிடிப்பான்."

"எந்த மாதிரி தண்ணியில போவாரு?"

"மீன் இருக்கற தண்ணியிலதான்."

அவள் சிரிக்கவில்லை. நல்ல பெண். "குளிர்ந்த தண்ணியா, வெதுவெதுப்பான தண்ணியான்னு கேட்டேம்மா. நெறைய பேரு வெயிலப் பாத்து உடுத்திட்டுப் போயிடறாங்க. மேல வெயில் அடிச்சிட்டுத்தான் இருக்கும், கவிழ்ந்து உள்ள விழுந்தா கை கால் வெறைச்சுப் போயிடும். தண்ணியப் பாத்துத்தான் உடுத்தணும்."

"என் தம்பி கவிழமாட்டான்."

"எல்லாருக்கும் அவங்கவங்க தம்பி கவிழமாட்டான்தாம்மா."

உன் அத்தானும் கவிழ்ந்ததே இல்லை. அத்தனை வருஷம் ஏரியில் கிடந்து ஊறினவர், காற்றடித்த நாளில்கூட நனைந்த கோழியாகவாவது வீடு வந்து சேர்ந்துவிடுவார். நான்தான் ஒவ்வொரு தடவையும் லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியை இழுத்துப் பார்த்து அனுப்புவேன். கடைசியில் நம் கடைக்குள்ளே, ஒரு சொட்டு ஈரம் இல்லாத இடத்தில், நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தபோது போய்விட்டார். நாற்காலியில் உட்காருவதற்கு என்ன உடுத்தியிருக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் கேட்கலாம் போலிருந்தது, கேட்கவில்லை.

அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். கை இல்லாத வெட்சூட்டைக் காட்டி, துடுப்புப் போடத் தோள் இடைஞ்சல் இல்லாமல் அசையும், மேலே தனியாக ஒரு ஜாக்கெட் போட்டுக்கொள்ளலாம் என்றாள். குளிருக்குப் போடுகிற உடுப்பில் கையை வெட்டிவிட்டு விற்கிறார்களே, என் தம்பிக்குக் கை இருக்கிறது, கையுள்ளதாகவே எடு என்றேன். கையுறை காட்டினாள். இரண்டு விரலுக்கு நுனியே இல்லை. இத்தனை வருஷம் அடுத்தவர் துணியில் கிழிசல் பார்த்துப் பார்த்துப் பழகின கண்ணாயிற்றே, "இது டேமேஜ்மா, வேற எடு" என்றேன். அவள் இன்னொரு ஜோடி எடுத்தாள், அதிலும் விரல் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. "தூண்டில் முடிச்சு போடறதுக்காக விட்டிருக்காங்கம்மா" என்று அப்புறம்தான் சொன்னாள். தூண்டில் முள் தெறித்தால் கண்ணைக் காக்கிற கண்ணாடி, அகல விளிம்புத் தொப்பி, பாறையில் வழுக்காத காலணி என்று மேசை நிறைந்துபோனது. ஒரு மனிதனுக்கு இத்தனை காவல் வேண்டியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பிறகு உன் அளவு கேட்டாள். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். உன் அத்தானுடைய கழுத்தளவு, மார்பளவு, கையின் நீளம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். உன் அளவு எனக்குத் தெரியவில்லை. நீ கல்யாணத்துக்கு முன் இருந்த அளவுதான் தெரியும், அதற்கப்புறம் நீ எங்கெங்கோ போய்விட்டாய். "கிட்டத்தட்ட என் மாதிரிதான் இருப்பான், இடுப்புகிட்ட மட்டும் கொஞ்சம் வசதி" என்றேன். அவள் யோசித்துவிட்டு, "அப்ப நீங்க ஒண்ணு போட்டுப் பாருங்கம்மா, அத வச்சு அவருக்கு எதுன்னு நான் கணக்குப் போட்டுக்கறேன். உடம்போட ஒட்டி நிக்கலைன்னா போட்டும் பிரயோஜனம் இல்ல" என்றாள்.

நான் அதைப் போட்டுக்கொண்ட அழகை எழுதினால் உன் வீட்டுக்காரி படித்துவிடுவாள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு கால் போவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. இரண்டாவது காலுக்கு அந்தப் பெண் திரைக்குள் வந்து தரையில் உட்கார்ந்து இழுத்தாள். தலையணைக்கு உறை போடுகிற மாதிரி என்னைக் குலுக்கிக் குலுக்கி உள்ளே இறக்கினாள். கடைசியில் முதுகுப் பக்கம் ஜிப்பை மேலே இழுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள். கண்ணாடியில் பார்த்தேன், உன் அக்கா கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் கறுப்பாக, ஒரே உருண்டையாக நின்றுகொண்டிருந்தாள். சிரிக்கத்தான் போனேன்.

சிரிப்பு வரவில்லை தம்பி. அந்த உடுப்பு தோளையும் முதுகையும் விலாவையும் ஒரே நேரத்தில் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. உன் அத்தான் போன நாளிலிருந்து என்னை யாரும் கட்டிப் பிடிக்கவில்லை. வந்தவர்கள் கையைப் பிடித்தார்கள், தோளைத் தட்டினார்கள், தைரியமாக இரு என்றார்கள். நீ வந்தாய், வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனாய். குறை சொல்லவில்லை, நம் வீட்டில் யாருக்கும் அது பழக்கமில்லை, எனக்கும்தான் இல்லை. ஆனால் அந்தத் திரைக்குள் நின்றபோதுதான் என் உடம்பு அத்தனை நாளாக அதற்காகக் காத்துக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. அழுதேன், சத்தமாகவே அழுதிருப்பேன் போல.

"மூச்சு முட்டுதாம்மா? கழட்டிடலாமா?" என்று வெளியிலிருந்து கேட்டாள்.

"வேணாம்மா. கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

"ரொம்ப இறுக்கமா இருக்கா?"

"இறுக்கமாத்தான் இருக்கு. இருக்கட்டும்."

உடுப்பை மாற்றிப் பார்க்க யாரோ வந்தபோது, "உள்ள ஆள் இருக்காங்க, நேரமாகும்" என்று அவள் சொன்னது கேட்டது. நான் வெளியே வந்ததும் உன் அளவைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நான் போட்டிருந்ததையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கூடவே ஜாக்கெட், கையுறை, தொப்பி, கண்ணாடி, காலணி எல்லாம். ஆக உனக்கு வெட்சூட் வாங்கப் போன அக்கா தனக்கு வாங்கிக்கொண்டு வந்தாள் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

வாங்கின பொருளைச் சோதித்துப் பார்க்காமல் வைக்கிற வழக்கம் எனக்கு இல்லை. மறுநாள் மத்தியானம் கடையில் ஆள் வராத நேரமாகப் பார்த்து அதைப் போட்டுக்கொண்டேன். ஜிப்பின் நுனியில் நீளமாக ஒரு பட்டை தொங்குகிறது, தோளுக்கு மேலே கையை விட்டு அதைப் பிடித்து இழுத்தால் தானே மூடிக்கொள்கிறது, கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. குளியல் தொட்டியில் குளிர்ந்த தண்ணீரை நிரப்பி உள்ளே இறங்கினேன். இறங்கியதும் முதுகு வழியாகத் தண்ணீர் சில்லென்று உள்ளே போகிறது. ஏமாற்றிவிட்டார்கள் என்று தொட்டியில் இருந்தபடியே வாங்கின கடைக்குப் போன் போட்டேன்.

"நீங்க குடுத்தது ஓட்டையா இருக்கும்மா. தண்ணி உள்ள வருது."

"வரும்மா. வரத்தான் செய்யும்."

"தண்ணி உள்ள வரும்னா அப்புறம் எதுக்கும்மா இந்த உடுப்பு?"

"கொஞ்சூண்டு தண்ணி உள்ள வந்து அங்கயே நின்னுக்கும்மா. உங்க ஒடம்புச் சூட்டுல அது சூடாயிடும். அப்புறம் குளிராது. அசையாம கொஞ்சம் பொறுத்துப் பாருங்க."

நானும் உன் அத்தானும் வாழ்நாள் முழுக்கத் துணியிலிருந்து தண்ணீரை விரட்டியவர்கள். வந்த தண்ணீரை உள்ளேயே வைத்துக்கொள் என்றால் என் புத்திக்கு எப்படி எட்டும். ஆனால் பொறுத்துப் பார்த்தேன், அவள் சொன்னபடிதான் ஆனது. கொஞ்ச நேரம் போனதும் குளிர் தெரியவில்லை. எழுந்திருக்கவே மனசில்லாமல் கிடந்தபோது கடை மணி அடித்தது.

அவசரமாக எழுந்து வந்தேன். அந்தப் பட்டை பின்னால் தொங்கித் தரையெல்லாம் சொட்டிக்கொண்டு வந்தது. தொங்குகிற கயிறு, நாடா எதைக் கண்டாலும் வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் மெஷினில் சுற்றிக்கொள்ளும், இது எங்கள் தொழிலின் முதல் பாடம். மேசையிலிருந்த கத்தரியை எடுத்தேன், முதுகுப் பக்கம் கையை விட்டு நறுக்கென்று வெட்டிவிட்டேன். வெட்டின துண்டு கையில் இருக்கும்போதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்பது உறைத்தது. இனி அந்த ஜிப்பை யாராவது பின்னால் நின்றுதான் திறந்துவிட வேண்டும். அப்படி நிற்பதற்கு எனக்கு ஆள் இல்லை.

வந்தவர் கணக்கு வாத்தியார். அவருடைய சட்டைகளை எடுத்துக் கொடுத்தேன், தண்ணீர் சொட்டச் சொட்ட. அவர் சட்டைகளை மட்டும்தான் பார்த்தார்.

"பைப் ஏதாச்சும் ஒடஞ்சிடுச்சாம்மா?"

"இல்ல சார்."

"சரி" என்றார். வாசல் வரைக்கும் போனவர் நின்று, "தனியா இருக்கீங்க. ஒடம்பப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இனி அவர் சட்டைகளை வேறு கடைக்குக் கொடுப்பார் என்று நினைக்கிறேன். அவரிடம் ஜிப்பை இழுத்துவிடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதிர் வீட்டு நர்ஸ் வேலை முடிந்து வரும்வரை கவுண்டருக்குப் பின்னால் அப்படியே நின்று கடை நடத்தினேன். அவள் வந்து என்னைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தாள். "இதவிட மோசமானதெல்லாம் கழட்டியிருக்கேன், திரும்புங்க" என்றாள். குறடால் ஜிப்பைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

ஆகவே தம்பி, இந்தக் கூத்தெல்லாம் எனக்கு வேண்டாம் என்று முடிவுக்கு வந்துவிட்டேன். எனக்குத் தெரிந்தது துணி, தண்ணீர் அல்ல. சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வா. படகு, துடுப்பு, தூண்டில், புதுசாக வாங்கின ஜாக்கெட், கையுறை எல்லாவற்றையும் எடுத்துப் போ. வெட்சூட் மட்டும் நீயே கடைக்குப் போய் உன் உடம்புக்கு ஒட்டினதாகப் பார்த்து வாங்கிக்கொள். வெயிலைப் பார்த்து உடுத்தாதே, லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியைப் போடாமல் படகில் ஏறாதே, நீ கவிழமாட்டாய் என்று நான் கடையில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். என் பெயரைக் கெடுக்காதே. உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் முத்தம். நீங்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று மனசார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை எழுதி ஒட்டியும் வைத்துவிட்டேன், இப்போது பிரித்து எழுதுகிறேன். தம்பிக்குக் கொடுப்பதற்கு முன் படகில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா என்று நர்ஸ் கேட்டாள். அவளுக்கு இன்று விடுமுறை. வண்டி மேல் படகைக் கட்டி, அந்த வெட்சூட்டுக்குள் அவளே என்னை இறக்கி மூடி, இரண்டு பேருமாக ஏரிக்குப் போனோம். துணி காயப்போடுகிற கயிற்றைப் படகில் கட்டி, மறுமுனையை அவள் கரையில் நின்று பிடித்துக்கொண்டாள். அந்தக் கயிறு போகிற தூரம்தான் நான் போன தூரம். தூண்டில் வீசினேன், முள் என் தொப்பியில்தான் மாட்டியது. ஓட்டை இல்லை.

அதைச் சொல்லப் பிரிக்கவில்லை. ஏரி வாசலில் நுழைவுச் சீட்டுக் கொடுப்பவர் தூரத்திலேயே படகைப் பார்த்து எழுந்து வந்துவிட்டார். குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டிலிருந்து அங்கே யாரும் போகவில்லை, உன் அத்தான் போன செய்தி அவருக்குப் போய்ச் சேரவில்லை.

"சார் வரலையாம்மா?" என்றார்.

நர்ஸ் என் முகத்தைப் பார்த்தாள். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"கடையில வேலை ஜாஸ்தி" என்றேன்.

"பனி விட்டதுலேருந்து இன்னிக்கு வருவாரு, நாளைக்கு வருவாருன்னு பாத்துட்டே இருக்கேன். நாணல் பக்கம் நல்லாக் கடிக்குதுன்னு சொல்லுங்க."

"சொல்றேன்" என்றேன்.

திரும்பி வரும்போது அவரே ஒரு பக்கம் பிடித்துப் படகை வண்டியில் ஏற்றிவிட்டார். "நீங்களும் நல்லாத்தான் துடுப்பு போடறீங்க, நான் சொன்னேன்னு சார்கிட்ட சொல்லுங்க" என்றார். அதற்கும் சரி என்றேன்.

அந்த மனிதரைப் பொறுத்தவரை உன் அத்தான் கடையில் வேலையாக இருக்கிறார், தம்பி. அப்படி நினைக்கிறவர் இந்த உலகத்தில் அவர் ஒருத்தர்தான் மிச்சம். படகு போய்விட்டால் அந்த வாசலுக்குப் போக எனக்கு ஒரு காரணமும் இருக்காது. என்றைக்காவது அவருக்குத் தெரியத்தான் போகிறது, தெரியட்டும், நான் சொல்லித் தெரிய வேண்டாம். நீ ஞாயிற்றுக்கிழமை அவசியம் வா. சாப்பிட்டுவிட்டு, இருந்துவிட்டுப் போ. வண்டி வேண்டாம், பஸ்ஸில் வா.